காதணி விழாவும் காலி ஸ்கிரீனும்

சாயங்காலம் 6.30 மணி இருக்கும். மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிற எங்கள் டிசைன் கடைக்கு ஒரு பார்ட்டி வந்தார். அக்கா மகனுக்குக் காதணி விழா, தாய்மாமன் அவர்தான். 10-க்கு 8 ஃபிளெக்ஸ் ஒன்று வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் ஃபைல் பிரிண்டுக்குப் போயாக வேண்டும்.

"தம்பி, மதுரைக்குள்ள எவனும் இப்படிப் போட்டிருக்கக் கூடாது. போறவன் வர்றவனெல்லாம் வண்டிய நிப்பாட்டிப் பாக்கணும். ஆனா ஒண்ணு, நான் பெருசாத் தெரியணும்."

"மேட்டர் கொண்டாந்திருக்கீங்களாண்ணே?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். 23 பேர் பெயர். அதில் 11 பேருக்குப் போட்டோவும் வர வேண்டும்.

அவர் கிளம்பியதும் கோரல் டிரா சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தேன். வெள்ளைப் பக்கம். மயில் தோரணத்தை வைத்தேன், எடுத்தேன். தங்க ஃபிரேமை வைத்தேன், எடுத்தேன். பலூனை வைக்கும்போதே எனக்குச் சலித்துவிட்டது. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. பக்கத்து சிஸ்டத்தில் வேலை பழகும் பையன், கடைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மெதுவாகக் கேட்டான்: "என்னண்ணே, மூடு இல்லையா?"

அந்த 'மூடு' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவனுக்கு விளக்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன். டிசைன் பழகுகிறவர்களுக்கும் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும் பாடம் ஒன்றுதான். நான் பகலில் டிசைன் செய்கிறேன், இரவில் கொஞ்சம் எழுதுகிறேன். இரண்டிலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

மூடு இல்லை என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு கோளாறுகளுக்கு ஒரே பெயர் வைக்கிறோம். ஒன்று, என்ன செய்வதென்றே தெரியவில்லை, பொறி தட்டவில்லை. இதைத் தூண்டல் இல்லாத குறை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும், ஆனால் கை போகமாட்டேன் என்கிறது. இது ஊக்கம் இல்லாத குறை. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் எப்படி? பொறி தட்டாதவனிடம் போய் "உக்காந்து வேலையப் பாருடா" என்றால் இன்னும் நாலு மயிலை இழுத்து வைப்பான். பொறி தட்டியும் உட்காராதவனிடம் "நாலு நல்ல டிசைனைப் பாரு" என்றால் அதையே சாக்காக வைத்து ராத்திரி 12 மணி வரை போனை நோண்டுவான்.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். செய்யப் போவதைப் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது. சொல்ல வராவிட்டால் தூண்டல் பிரச்சினை. சொல்லிவிட்டு, அதன் பிறகும் டீக்கடைக்குக் கிளம்பினால் ஊக்கப் பிரச்சினை. அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.

முதலில் பொறியைப் பார்ப்போம். அது என்னமோ மேலே இருந்து வந்து விழும் என்பது போலத்தான் நாம் பேசுகிறோம். கிரகாம் வாலஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1926-ல் ஒரு புது யோசனை பிறக்கிற வழியை நான்கு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. தன்னுடைய 70-ஆவது பிறந்தநாள் விழாவில், 1891-ல், அவர் சொன்ன செய்தி: நல்ல யோசனைகள் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதோ மூளை களைத்திருக்கும்போதோ வந்ததில்லை, வெயில் அடிக்கிற நாளில் மரங்கள் அடர்ந்த குன்றில் மெதுவாக ஏறும்போது வந்தன.

இதைக் கேட்டவுடன் நம் ஆட்கள் குன்று ஏறக் கிளம்பிவிடுவார்கள். நான்கு கட்டத்தில் முதலாவதைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தக் கணக்கோடு எத்தனையோ நாள் மல்லுக்கட்டிவிட்டுத்தான் குன்றுக்குப் போனார். அடைகாப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அடியில் முட்டை இருக்க வேண்டும். வெறும் வைக்கோலில் 21 நாள் உட்கார்ந்தாலும் கோழிக்குக் கால் மரத்துப்போகும், அம்புட்டுத்தான்.

முட்டை எங்கிருந்து வரும்? சேகரிப்பதில் இருந்து. என் அனுபவத்தில் இந்த ஒன்றுக்குத்தான் ரொம்ப நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இப்போது எல்லாரும் பின்டரஸ்ட் என்ற படத் தளத்தில் சேகரிக்கிறார்கள். நானும்தான். ஆனால் "காதணி விழா ஃபிளெக்ஸ்" என்று நான் அடித்தால் எனக்கு வருகிற படங்கள்தான் திருமங்கலத்தில் ஒருவன் அடித்தாலும் வருகிறது, மேலூரில் ஒருவன் அடித்தாலும் வருகிறது. மூன்று பேரும் ஒரே மயிலைத்தான் பார்க்கிறோம். பிறகு "எவனும் போட்டிருக்கக் கூடாது" என்றால் எங்கே போவது?

தெருவில் சேகரித்தது தெருவில் நடந்தவனிடம் மட்டும்தான் இருக்கும். மதுரையில் இருக்கிற நமக்கு இது பெரிய கொடுப்பினை. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிகிற ஊர் இது. வாரத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு சுற்றை மட்டும் நடக்கிறேன். ஒரு நடைக்கு ஒரே ஒரு பொருள். ஒரு வாரம் கடைப் பலகையில் 'ழ' மட்டும். ஒரு வாரம் கதவு. ஒரு வாரம் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் ஒன்றும் ஒட்டாது.

பார்த்ததை எழுதி வைக்கும்போது 'அழகு', 'சூப்பர்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த நோட்டு எடைக்குப் போடத்தான் லாயக்கு. எது கண்ணை இழுத்தது என்று எழுத வேண்டும். என் நோட்டிலிருந்து ஒன்று: "சுண்ணாம்புச் சுவர். நீலப் பெயிண்ட். இடம் பத்தாமல் கடைசி மூன்று எழுத்தை மட்டும் ஒல்லியாக்கியிருக்கிறார். அந்த நெருக்கத்தில்தான் உயிர்." இன்னொன்று, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்டது, ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம்: "அவ கை முழங்கையோட நின்னு போச்சு, அவகிட்ட முழம் வாங்காத." மல்லிகைச் சரத்தைக் கையால் முழம் போட்டுத்தான் விற்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த வசவு எம்புட்டு அழகு என்று புரியும். இந்த ஒரு வரியிலிருந்து ஒரு முழுக் கதைக்கான மனுஷி எழுந்து வருவாள். வீட்டில் உட்கார்ந்து யோசித்து இதை நான் எழுதியிருக்கவே முடியாது.

கொஞ்சம் தள்ளிப் போகவும் செய்யலாம். கீழடி சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரைக்குப் பக்கம்தான். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் இருக்கின்றன. 'ஆதன்' போன்ற பெயர்கள். சுட்ட ஓட்டின்மேல் கூரான எதையோ வைத்துக் கீறியது என்பதால் கோடுகள் நேர் நேராக, விறைப்பாக இருக்கும். அங்கிருந்து கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் பாறையில் இருப்பது வட்டெழுத்து. பெயருக்கு ஏற்றாற்போல் உருண்டை உருண்டையாக வளையும். ஒரே மண்ணில், ஒரே மொழிக்கு, எலும்பு மாதிரி ஒரு எழுத்தும் கொடி மாதிரி ஒரு எழுத்தும். ஒரு ஜிம்முக்குப் போர்டு கேட்டால் எதை நினைத்துக்கொள்வது, ஒரு துணிக்கடைக்குக் கேட்டால் எதை நினைத்துக்கொள்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நேரடியாக அந்த எழுத்தை எடுத்து ஒட்டவில்லை. அதன் விறைப்பை மட்டும் எடுத்தேன்.

சுடுவதற்கும் எடுப்பதற்கும் வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் செய்த வேலையின் தோற்றத்தைத் தூக்கினால் அது காப்பி. அவர் எடுத்த முடிவு என்ன, ஏன் எடுத்தார் என்று புரிந்துகொண்டு அந்த முடிவை வேறொரு பிரச்சினைக்குப் பொருத்தினால் அது உங்கள் வேலை.

அன்றைய இரவுக்கு வருகிறேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பக்தி என்று சொல்ல முடியாது, கால் வலிக்காமல் நடக்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. உள்ளே போன் கொண்டுபோக முடியாது என்பதால் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். டிசைனருக்கு இது ஒரு வரம். போட்டோ எடுக்க முடியாது என்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

கம்பத்தடி மண்டபத் தூணில் மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் அந்தப் படம் இல்லாத ஆல்பம் கிடையாது, நானே நூறு பத்திரிகையில் போட்டிருப்பேன். நடுவில் மீனாட்சி, தலை லேசாகக் குனிந்திருக்கிறது. ஒருபுறம் சுந்தரேஸ்வரர். மறுபுறம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாள். (சித்திரைத் திருவிழாக் கதையில் அழகர் கல்யாணத்துக்குப் பிந்திவிடுவார். கல்லில் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறார்.) அன்றைக்கு அந்தத் தூணுக்கு முன்னால் நின்றபோது முதல்முறையாக ஒன்று கண்ணில் பட்டது. மூன்று பேரும் ஆளுயர உருவங்கள், மூன்று முகமும் அவ்வளவு நேர்த்தி, ஆனால் என் கண் போய் நின்றது முகத்தில் இல்லை. கைகளில். மூன்று பேர் கையும் வந்து சேர்கிற அந்த ஒரு இடத்தில். செய்த சிற்பி அங்கேதான் கல்யாணத்தை வைத்திருக்கிறார்.

பெருமாள் யார்? பெண்ணுக்கு அண்ணன். நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தாய்மாமன்.

அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. ஃபிளெக்ஸ் நடுவில் முகம் வேண்டாம். பையனுடைய காது, அதன் பக்கத்தில் கடுக்கனைப் பிடித்திருக்கிற தாய்மாமன் கை. பெருசாக, நாலடிக்கு. அவர் கேட்ட மாதிரி அவரும் பெருசாகத் தெரிவார்.

பளிச்சிடல் என்று வாலஸ் சொன்னது இதைத்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், மூன்று மணி நேரம் முன்னால் அந்த பார்ட்டி வந்து 'நான் பெருசாத் தெரியணும்' என்று சொல்லியிருக்காவிட்டால், முக்கால் மணி நேரம் மயிலோடு மாரடித்திருக்காவிட்டால், அந்தத் தூணைத் தாண்டி நான் பொற்றாமரைக் குளத்துக்குப் போயிருப்பேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நடையும் சும்மா இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: ஒரே ஒரு சரியான விடை இருக்கிற கேள்விகளுக்கு நடை உதவவில்லை. யோசனைக்கு நடங்கள், புரூஃப் பார்க்க உட்காருங்கள். 23 பெயரில் ஒருவர் இனிஷியல் மாறிப்போனால் என்ன நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போனை வாங்கியதும் பார்ட்டியைக் கூப்பிட்டேன். "அண்ணே, பையன் காதுக்குப் பக்கத்துல உங்க கைய வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நல்ல லைட்டுல." எதற்கு என்று கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் 14 போட்டோ வந்தது. பையன் எல்லாவற்றிலும் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைக்குத் திரும்பி, சேரில் சாய்ந்து, ஃபேன் காற்று பட்டதும் இரண்டாவது கோளாறு ஆரம்பித்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கடைப் பையனிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியும் விட்டேன். ஆனால் கை மவுஸ் பக்கம் போகவில்லை. காதைக் கட் பண்ணி எடுக்க வேண்டும், முடியை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், 11 போட்டோவுக்கும் ஒரே கலர் கொண்டுவர வேண்டும். நினைத்தாலே அலுப்பு.

ஊக்கத்தைப் பற்றி எல்லாரும் வரிசையை மாற்றிச் சொல்லித் தருகிறார்கள். முதலில் ஊக்கம் வரும், பிறகு வேலை நடக்கும் என்று. எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. வேலை கொஞ்சம் நடந்த பிறகுதான் ஊக்கம் மெல்ல எட்டிப் பார்க்கும். இதை எனக்குப் புரியவைத்தது திருமலை நாயக்கர் மஹால் பக்கம் குடியிருக்கிற ஒரு சௌராஷ்டிர அக்கா. சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியில் இப்போது பெரும்பாலும் அச்சு வேலைதான், கையால் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைவு. துணியில் ஒரு கிள்ளு எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி, கடுகளவு மொட்டாக நிறுத்துவார். அடுத்தது. அடுத்தது. இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"எப்படிக்கா இம்புட்டையும் போடுறீங்க, அலுக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு இம்புட்டையும் போட்டா? நான் ஒண்ணுதான் போடுறேன்" என்றார், கையை நிறுத்தாமல்.

அன்றைக்கு நானும் ஒரு முடிச்சு போட்டேன். இருக்கிறதிலேயே மூளை தேவைப்படாத வேலை எது என்று பார்த்தேன். பெயர்களை டைப் அடிப்பது. 23 பெயர். அழகாக வைக்க வேண்டாம், சும்மா ஓரத்தில் அடித்துப் போட்டால் போதும். பதினைந்தாவது பெயரில் ஃபாண்ட் பிடிக்கவில்லை, மாற்றினேன். மாற்றியதும் ஒருமுறை காதை நடுவில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அப்புறம் மணி 12.40 ஆனது எனக்குத் தெரியாது. எழுதுகிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். கட்டுரையின் முதல் வரியை எழுதாதீர்கள், அது ரொம்பக் கஷ்டமான முடிச்சு. நடுவில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஏதோ ஒரு காட்சியை எழுதுங்கள். எழுந்திருக்கும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் மறுநாள் உட்காருவது இன்னும் சுலபம். முடியாமல் தொங்குகிற வேலையை மனசு விடாது.

காசு ஊக்கம் தராதா என்று கேட்கலாம். தரும், ஃபிளெக்ஸை முடிக்க வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்ளும். 1973-ல் மார்க் லெப்பர் என்பவரும் இன்னும் இருவரும் படம் வரைய ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்திடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடியே கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், யாரும் எதுவும் தராமல் சும்மா விளையாடும் நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை.

எனக்கும் அதுதான் நடந்தது. காலேஜ் படிக்கும்போதிலிருந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், யாரும் கேட்டதில்லை. ஒரு மாதப் பத்திரிகை கேட்டு வாங்கிப் போட்டது, ஒரு கட்டுரைக்கு 500 ரூபாய். இரண்டு மாதம் வந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து காசும் வரவில்லை, போன் போட்டால் பதிலும் இல்லை. அவர்கள்மேல் கோபம் ஆறிவிட்டது. ஆனால் எட்டு வருஷம் சும்மா எழுதிய கை, அதற்குப் பிறகு ஒரு வருஷம் எழுதவில்லையே, அந்தக் கணக்கு இன்னும் எனக்குத் தீரவில்லை. இப்போது இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்று விற்பதற்கு. இன்னொன்றை யாருக்கும் காட்டுவதில்லை, அதில் எழுத்துப் பிழைகூடத் திருத்துவதில்லை.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டால் வரும் மந்தத்துக்கு மருந்து தூக்கம்தான். எழுத்து, டிசைன் மட்டுமில்லாமல், சாப்பாடு, சிநேகிதர்கள், சினிமா எதிலுமே வாரக்கணக்கில் மனசு ஒட்டவில்லை என்றால் அது மூடு விவகாரம் இல்லை, டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை 10 மணிக்கு பார்ட்டி வந்தார். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். நடுவில் பையனுடைய காது, பக்கத்தில் கடுக்கனோடு அவருடைய கை, சுற்றிலும் வெற்றிடம், கீழே பெயர்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தன் கையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"இது என் கையா தம்பி?"

"உங்க கைதாண்ணே."

"மோதிரம் நல்லாத் தெரியுது" என்றார். பக்கத்தில் இருந்த கடைப் பையனைக் கூப்பிட்டு, "இந்தா, நீயும் பாரு" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த வெத்தா இருக்குற எடத்துல எம் மூஞ்சியையும் ஒண்ணு போட்ரு" என்றார்.